நெடுவரிசையின் வகையை மாற்ற வேண்டும். அதை நம்பி நிற்கும் வியூக்களை என்ன செய்வது?

கேள்வி: பால்கணக்கு

அனைவருக்கும் வணக்கம். நான் கணக்குப் பொறுப்பில் இருக்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் விவரங்கள் போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளத்தில் இருக்கின்றன. 'கொள்முதல்' என்ற அட்டவணையில், காலையும் மாலையும் ஒவ்வோர் உறுப்பினரும் ஊற்றும் பாலின் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), லிட்டர் விலை, தொகை ஆகியவை வரிசை வரிசையாகப் பதிவாகின்றன. தொகை நெடுவரிசை தொடக்கத்திலிருந்தே 'டபுள் பிரிசிஷன்' என்ற தோராயப் பின்ன எண் வகையில் இருக்கிறது. அளவையும் விலையையும் பெருக்கி வரும் விடை, பைசாவுக்குக் கீழுள்ள பின்னத்தோடு அப்படியே சேமிக்கப்படுகிறது. 7.3 லிட்டர் பாலுக்கு 36.45 ரூபாய் விலை என்றால் 266.085 என்று உள்ளே இருக்கும், சீட்டில் 266.09 என்று அச்சாகும். இதனால் உறுப்பினர் தம் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும்போது வரும் மொத்தமும், பட்டுவாடாப் பட்டியலில் உள்ள மொத்தமும் சில பைசா வேறுபடுகின்றன. ஆகவே அந்த நெடுவரிசையை இரண்டு தசம இடங்கள் கொண்ட 'நியூமெரிக்' என்ற துல்லியத் தசம எண் வகைக்கு மாற்ற விரும்புகிறேன்.

சிக்கல் என்னவென்றால், இந்த அட்டவணையின்மேல் 'நாள்_கொள்முதல்' என்ற வியூ (அட்டவணைபோலப் படிக்கக்கூடிய, பெயரிட்டுச் சேமித்த வினவல்) நிற்கிறது. அதன்மேல் 'பட்டுவாடா' என்ற வியூவும், அதற்கும் மேல் தணிக்கையாளர்களுக்கான 'தணிக்கை' என்ற வியூவும் நிற்கின்றன. இவை தவிர 'ஆண்டு_சுருக்கம்' என்ற மெட்டீரியலைஸ்டு வியூ (விடையையே சேமித்து வைக்கும் வியூ) ஒன்றும் உண்டு. சோதனைப் பிரதியில் வகையை மாற்றக் கட்டளையிட்டேன். வியூ பயன்படுத்தும் நெடுவரிசையின் வகையை மாற்ற முடியாது என்று மறுத்துவிட்டது. முதல் வியூவை நீக்க முனைந்தால், பிற பொருள்கள் அதைச் சார்ந்திருக்கின்றன, வேண்டுமானால் 'கேஸ்கேட்' சேர்த்து நீக்குங்கள் என்கிறது. இதற்கிடையே, 'நாள்_கொள்முதல்' வியூவில் உறுப்பினர் எண்ணுக்கு அடுத்து 'வேளை' என்ற நெடுவரிசையைச் சேர்க்க 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ' கொடுத்தபோதும், நெடுவரிசையின் பெயரை மாற்ற முடியாது என்ற பிழையே வந்தது. நான் எந்தப் பெயரையும் மாற்றவில்லை.

'கேஸ்கேட்' கொடுப்பது பாதுகாப்பானதா, இடையில் நெடுவரிசை சேர்ப்பதை ஏன் மறுக்கிறது, அறிக்கை மென்பொருளின் பயனருக்கு வழங்கிய அனுமதிகளை இழக்காமல் இதைச் செய்ய வழி உண்டா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நெல்லைத்தரவு

வணக்கம் ஐயா. இந்தப் பிழைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். வியூவை உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் நீங்கள் எழுதிய வாசகத்தை வாசகமாக வைத்துக்கொள்வதில்லை. அதைப் பகுத்து, எந்த அட்டவணையின் எத்தனையாவது நெடுவரிசை, அதன் வகை என்ன என்ற அளவில் சேமித்து வைக்கிறது. அட்டவணையில் ஒரு நெடுவரிசைக்குப் பெயர் மாற்றினால் வியூ உடையாமல் இருப்பது இதனால்தான். உள்ளே இருப்பது எண்ணே தவிரப் பெயர் அன்று. வகையை மாற்றினால் மறுப்பதும் இதனால்தான்; மேலே உள்ள ஒவ்வொரு வியூவும் பழைய வகையை நம்பித் தன் கணக்கை முடித்து வைத்திருக்கிறது.

'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ' கட்டளைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஏற்கெனவே உள்ள நெடுவரிசைகள் அதே பெயரில், அதே வரிசையில், அதே வகையில் இருக்க வேண்டும். புதியவற்றைக் கடைசியில் மட்டும் சேர்க்கலாம். நீங்கள் 'வேளை'யை இரண்டாம் இடத்தில் நுழைத்தபோது, முன்பு இரண்டாம் இடத்தில் இருந்த நெடுவரிசைக்கு 'வேளை' என்று புதுப்பெயர் சூட்டுவதாக அது எடுத்துக்கொண்டது. கடைசியில் சேருங்கள், மறுக்காது. அறிக்கையில் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை அறிக்கை எழுதும் வினவலில் தீர்மானித்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் மாற்றுவதானால் 13ஆம் பதிப்பிலிருந்து 'ஆல்ட்டர் வியூ' கட்டளையிலேயே 'ரீநேம் காலம்' உண்டு.

'கேஸ்கேட்' பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: உண்மைத் தரவுத்தளத்தில் அதைக் கொடுக்க வேண்டாம். அது சார்ந்து நிற்கும் வியூக்களையும் சேர்த்து நீக்கிவிடும். எவற்றை நீக்கியது என்று ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். வரையறைகளை வேறெங்கும் எடுத்து வைக்காதவருக்குக் காப்புப் பிரதியைத் தவிர வேறு வழி இராது. ஆனால் உங்கள் சோதனைப் பிரதியில் அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. 'பிகின்' கொடுத்து, 'டிராப் வியூ நாள்_கொள்முதல் கேஸ்கேட்' கொடுத்து, வரும் அறிவிப்பில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு, 'ரோல்பேக்' கொடுத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். எவை எவை சார்ந்திருக்கின்றன என்ற முழுப் பட்டியல் கிடைத்துவிடும், எதுவும் அழிந்திராது. போஸ்ட்கிரெஸில் உருவாக்குவதும் நீக்குவதும் டிரான்சாக்‌ஷனுக்கு உட்பட்டவை, அதாவது ஒன்றாக முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் கைவிடப்படும் என்பது இப்படிப்பட்ட வேலைகளில் பெரிய துணை.

அந்தத் துணையைக் கொண்டுதான் மாற்றத்தையும் செய்ய வேண்டும். முதலில் ஒவ்வொரு வியூவின் வரையறையையும் கோப்பில் எடுத்து வையுங்கள். 'பிஜி_கெட்_வியூடெஃப்' என்ற செயற்கூறு வரையறையைத் தரும். ஆனால் அது பகுத்த வடிவத்திலிருந்து மீண்டும் எழுதித் தருவதால் நீங்கள் இட்ட குறிப்புரைகள் அதில் இரா, நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அது நெடுவரிசைப் பெயர்களாக விரிந்திருக்கும். முதலில் எழுதிய கோப்பு இருந்தால் அதையே மூலமாகக் கொள்வது நல்லது. பிறகு வியூவின் உரிமையாளர் யார், எந்தப் பயனருக்கு என்ன அனுமதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வியூவை நீக்கும்போது அதனோடு அனுமதிகளும் போய்விடுகின்றன. புதிதாக உருவாக்கப்படும் வியூ, பெயர் ஒன்றாக இருந்தாலும், தரவுத்தளத்துக்கு வேறு பொருள்தான்.

இனி, ஒரே கோப்பில் 'பிகின்' எழுதி, மேலிருந்து கீழாகத் 'தணிக்கை', 'பட்டுவாடா', 'ஆண்டு_சுருக்கம்', 'நாள்_கொள்முதல்' ஆகியவற்றை நீக்கி, 'ஆல்ட்டர் டேபிள் கொள்முதல் ஆல்ட்டர் காலம் தொகை டைப் நியூமெரிக்(12,2)' என்று வகையை மாற்றி, கீழிருந்து மேலாக அவற்றை மீண்டும் உருவாக்கி, உரிமையாளரையும் அனுமதிகளையும் மீண்டும் அமைத்து, 'கமிட்' கொடுத்து உறுதி செய்யுங்கள். நீக்கும் வரிகளில் 'கேஸ்கேட்' எழுத வேண்டாம். பட்டியலில் விடுபட்ட வியூ ஏதேனும் இருந்தால் அந்த வரியிலேயே பிழை வரும், முழு டிரான்சாக்‌ஷனும் கைவிடப்படும், எதுவும் மாறியிராது. அந்தப் பிழை உங்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த வகை மாற்றம் அட்டவணை முழுவதையும் அதன் இன்டெக்ஸ்களையும் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்கள்) மீண்டும் எழுதும். அதுவரை அட்டவணையைப் படிக்கக்கூட முடியாத பூட்டு இருக்கும். காலைக் கொள்முதல் முடிந்து மாலைக் கொள்முதல் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரமே ஏற்றது. அப்போதும் நீண்ட நேரம் ஓடும் அறிக்கை ஒன்று நடந்துகொண்டிருந்தால், உங்கள் கட்டளை அதற்காகக் காத்திருக்கும். அது காத்திருக்கும் வரை, பின்னால் வரும் எல்லா வினவல்களும் அதன் பின்னே வரிசையில் நிற்கும். ஆகவே கோப்பின் தொடக்கத்தில் 'லாக்_டைம்அவுட்' மதிப்பைச் சில விநாடிகளாக அமைத்துவிடுங்கள். பூட்டுக் கிடைக்காவிட்டால் பிழையோடு வெளியேறும். சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம்.

இன்னொன்று, கணக்கு பற்றியது. வகை மாறும்போது பழைய பதிவுகளும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்படும். முன்பே பட்டுவாடா செய்து முடித்த காலங்களின் மொத்தமும் சில பைசா மாறக்கூடும். மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு பட்டுவாடாக் காலத்தின் மொத்தத்தையும் தனி அட்டவணையில் எடுத்து வைத்து, பின்னர் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தணிக்கையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுவது முறை.

மறுமொழி: கொங்குப்பதிவு

மேலே சொன்ன வழி சரியானது. நான்கு வியூக்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் நானும் அதையே செய்வேன். ஆனால் வியூக்கள் பலவாகப் பெருகி, அட்டவணையும் பெரிதாக இருந்தால், எதையும் நீக்காமல் செய்யும் வழியும் உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

அட்டவணையில் 'தொகை_புதிது' என்று நியூமெரிக் வகையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, இனி வரும் பதிவுகளில் இரண்டு நெடுவரிசைகளும் நிரம்பும்படி ஒரு டிரிகர் (பதிவு நேரும்போது தானாக ஓடும் செயல்) அமைக்க வேண்டும். பழைய பதிவுகளை மாதம் மாதமாகப் பிரித்து நிரப்பலாம். ஒரே மூச்சில் நிரப்ப வேண்டியதில்லை. 'நாள்_கொள்முதல்' வியூவின் கடைசியில் புதிய நெடுவரிசையை 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' வழியாகச் சேர்க்கலாம். 'பட்டுவாடா' வியூவில், புதிய நெடுவரிசையைக் கூட்டி, கூட்டிய விடையை மட்டும் டபுள் பிரிசிஷனாக மாற்றிப் பழைய பெயரிலேயே கொடுங்கள். பெயர், வரிசை, வகை மூன்றும் மாறாததால் மேலே உள்ள 'தணிக்கை' வியூவைத் தொடவே தேவையில்லை. அனுமதிகளும் அப்படியே இருக்கும். கூட்டல் நியூமெரிக்கில் நடந்துவிடுவதால் பைசா வேறுபாடும் வராது.

இதன் குறை, பழைய நெடுவரிசையை உடனே நீக்க முடியாது என்பதே. அதைச் சுட்டும் வியூ ஒன்று இருக்கும் வரை அது அட்டவணையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் யாராவது அதைப் பயன்படுத்தி அறிக்கை எழுதிவிடுவார்கள். தொடங்கினால் முடித்துவிட வேண்டிய வேலை இது.

பால்கணக்கு

இருவருக்கும் நன்றி. நெல்லைத்தரவு ஐயா சொன்னபடி சோதனைப் பிரதியில் ஒரே டிரான்சாக்‌ஷனில் செய்தேன். வியூக்கள் மூன்றும் அனுமதிகளோடு வந்துவிட்டன. இரண்டு இடங்களில் தெளிவு தேவைப்படுகிறது. 'ஆண்டு_சுருக்கம்' மெட்டீரியலைஸ்டு வியூவைத் திரும்ப உருவாக்கிய பிறகு, அதை 'கன்கரன்ட்லி' என்று, படிப்பவர்களைத் தடுக்காமல் புதுப்பிக்கும் இரவுநேரப் பணி பிழை கொடுக்கிறது. மேலும், அறிக்கை மென்பொருளைத் திறந்தே வைத்துக்கொண்டு மாற்றத்தைச் செய்து பார்த்தபோது, தற்காலிகமாகச் சேமித்த திட்டத்தின் விடை வகை மாறக் கூடாது என்ற பொருளில் ஒரு பிழை வந்தது. மென்பொருளை மூடித் திறந்ததும் மறைந்துவிட்டது. இவை உண்மைத் தரவுத்தளத்திலும் வருமா?

நெல்லைத்தரவு

வரும், இரண்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடலாம்.

சாதாரண வியூ வெறும் வரையறை. கேட்கும்போது அடியில் உள்ள அட்டவணையைப் படித்துச் சொல்லும். மெட்டீரியலைஸ்டு வியூ விடையையே வட்டில் எழுதி வைப்பது. அதற்கென்று இன்டெக்ஸ்களும் உண்டு. அதை நீக்கியபோது இன்டெக்ஸ்களும் நீங்கிவிட்டன. 'கன்கரன்ட்லி' என்று புதுப்பிக்க வேண்டுமானால், நிபந்தனை ஏதும் இல்லாமல் எல்லா வரிசைகளையும் உள்ளடக்கும் யுனீக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராத இன்டெக்ஸ்) ஒன்று கட்டாயம். உங்கள் கோப்பில் அதை உருவாக்கும் வரியைச் சேருங்கள். உறுப்பினர் எண்ணும் ஆண்டும் சேர்ந்து தனித்தன்மை உடையவை என்றால் அவற்றின் மேலேயே அமைக்கலாம். மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு 16ஆம் பதிப்பில் 'ஆர் ரீப்ளேஸ்' கிடையாது. நீக்கி உருவாக்குவது ஒன்றே வழி. உருவாக்கும் நேரம் நீண்டு பூட்டு நேரத்தை வளர்க்கிறது என்றால், 'வித் நோ டேட்டா' என்று வெறுமையாக உருவாக்கிவிட்டு, 'கமிட்' ஆன பிறகு ஒருமுறை சாதாரணமாகப் புதுப்பித்து நிரப்பலாம். நிரம்பும் வரை அதைக் கேட்கும் வினவல்கள் பிழை தரும் என்பதை அறிக்கை பார்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது பிழை, மென்பொருள் ஒரே இணைப்பில் முன்தயாரித்து வைத்திருக்கும் வினவல்களால் வருவது. வியூ தரும் நெடுவரிசைகளின் எண்ணிக்கையோ வகையோ மாறினால் அந்தத் தயாரிப்பு செல்லாது. மாற்றம் முடிந்தவுடன் மென்பொருளின் இணைப்புகளைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் போதும்.

அதோடு, மென்பொருள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்றும் பாருங்கள். பைத்தானில் சைகோபிஜி நூலகம் வழியாகப் படித்தால், முன்பு ஃப்ளோட்டாக வந்த தொகை இனி டெசிமலாக வரும். இரண்டையும் கலந்து கூட்டினால் பைத்தான் மறுக்கும். நோட் ஜேஎஸ்ஸில் வழக்கமான பிஜி நூலகம் நியூமெரிக் மதிப்பைச் சரமாகத் தரும். அங்கே கூட்டல் குறி போட்டால் தொகைகள் கூடாமல் அடுத்தடுத்து ஒட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி வராமல் தவறான எண் வருவதால், இதைச் சோதனைப் பிரதியிலேயே பார்த்துவிடுவது மிக முக்கியம்.

அலைகடல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலகத்தில் இதே போன்ற அமைப்பு மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஒரே டிரான்சாக்‌ஷன் வழி அங்கும் பொருந்துமா?

கொங்குப்பதிவு

பொருந்தாது, நண்பரே. மைஎஸ்க்யூஎல்லில் வியூவை உருவாக்குவது, மாற்றுவது, நீக்குவது ஒவ்வொன்றும் அதுவரை நடந்த டிரான்சாக்‌ஷனைத் தானாகவே உறுதி செய்துவிடும். இடையில் பிழை வந்தால் பின்னோக்கிச் செல்ல முடியாது. மறுபுறம், அங்கே அட்டவணையின் நெடுவரிசையின் பெயரை மாற்றுவதையோ அதை நீக்குவதையோ வியூ தடுப்பதில்லை. அட்டவணை மாறிவிடும்; வியூ செல்லாததாகி, அடுத்து யாராவது அதைப் படிக்கும்போதுதான் 1356ஆம் எண் பிழை வரும். மாற்றத்துக்குப் பின் ஒவ்வொரு வியூவின் பெயரையும் கொடுத்து 'செக் டேபிள்' ஓட்டினால் உடைந்தவை தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸின் பிடிவாதம் முதலில் எரிச்சலூட்டினாலும், சம்பளப் பட்டியல் நாளில் உடைந்த வியூவைக் கண்டுபிடிப்பதைவிட அது மேலானது என்பது என் கருத்து. மைஎஸ்க்யூஎல்லின் 'ஆல்ட்டர் வியூ' வினவலையே முழுதாக மாற்றி எழுதும் கட்டளை. போஸ்ட்கிரெஸில் அதே பெயருள்ள கட்டளை பெயர், உரிமையாளர் போன்றவற்றை மட்டுமே மாற்றும். ஒன்றின் கையேட்டைப் பார்த்து மற்றதில் முயல வேண்டாம்.

எஸ்க்யூலைட்டில் 'ஆர் ரீப்ளேஸ்' வியூவுக்கு இல்லை. நீக்கித்தான் உருவாக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 2016 எஸ்பி1 முதல் 'கிரியேட் ஆர் ஆல்ட்டர்' உண்டு, அனுமதிகள் நிலைக்கும்.

மறுமொழி: காவிரிப்படுகை

பால்கணக்கு அவர்களுக்கு மேலும் இரண்டு செய்திகள்; மாற்றத்தை உண்மைத் தரவுத்தளத்தில் ஓட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, கோப்பை எந்தப் பயனராக ஓட்டுகிறீர்கள் என்பது. வியூ வழக்கமாகத் தன் உரிமையாளரின் அனுமதியைக் கொண்டு அட்டவணைகளைப் படிக்கிறது. 'தணிக்கை' வியூவைப் பார்ப்பவருக்கு 'உறுப்பினர்' அட்டவணையில் அனுமதி தராமலேயே, வங்கிக் கணக்கு எண்ணை மறைத்து மற்றவற்றைக் காட்ட முடிவது இதனால்தான். சூப்பர்யூசராக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நுழைந்து வியூவை மீண்டும் உருவாக்கினால் உரிமையாளர் சூப்பர்யூசர் ஆகிவிடுகிறார்; வியூவும் அந்த அளவில்லாத அதிகாரத்தோடு படிக்கத் தொடங்கும், வரிசை அளவிலான பாதுகாப்பு விதிகள் இருந்தால் அவற்றையும் தாண்டிவிடும். ஆகவே உரிமையாளரை மீண்டும் அமைக்கும் வரியை மறக்க வேண்டாம். 15ஆம் பதிப்பில் வந்த 'செக்யூரிட்டி_இன்வோக்கர்' (பார்ப்பவரின் அனுமதியைக் கொண்டே வியூவைப் படிக்கச் செய்வது) என்ற விருப்பத்தை எந்த வியூவிலாவது வைத்திருந்தால், நீக்கி உருவாக்கும்போது மட்டுமன்றி, 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' கொடுக்கும்போதும் அதை மீண்டும் எழுத வேண்டும். அனுமதிகளும் உரிமையாளரும் நிலைக்கும். 'வித்' பகுதியில் உள்ள விருப்பங்கள் மட்டும் புதிய கட்டளையில் உள்ளபடியே மாறும், எழுதாவிட்டால் போய்விடும்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள். பெயர்களைத் தமிழிலேயே வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். போஸ்ட்கிரெஸ் அவற்றை மேற்கோள் குறி இல்லாமலேயே ஏற்கிறது. ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்டு வரைதான் இடம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு; புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'மாதாந்திர_கொள்முதல்_சுருக்கம்_காலை' என்று ஒரு வியூவும், கடைசியில் 'மாலை' என்று இன்னொரு வியூவும் அமைக்க நினைத்தால், இரண்டு பெயர்களும் 'மாதாந்திர_கொள்முதல்_சு' என்ற இடத்திலேயே வெட்டப்படும். ஓர் அறிவிப்பு மட்டுமே வரும், பிழை வராது. நெடுவரிசைகள் ஒன்றாக இருந்து, 'ஆர் ரீப்ளேஸ்' என்றும் கொடுத்திருந்தால், மாலை வியூ காலை வியூவின் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பெயர்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து மாற்றிய வரையறைகளில் இது நேரலாம். கண்ணெதிரே இருக்கும் 'கொள்முதல்' அட்டவணை இல்லை என்று பிழை வந்தால், பெயரைத் தட்டச்சிடாமல், தரவுத்தளம் காட்டும் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். உங்கள் கோப்பில் வரும் எல்லாப் பெயர்களையும் ஓட்டுவதற்கு முன் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை எழாது. ஆனால் தரவுத்தளத்தில் ஏற்கெனவே பிரிந்த வடிவத்தில் பதிவான பெயர் ஏதும் இருந்தால், அதை முதலில் 'ரீநேம்' செய்துவிட்டுத் தொடங்குங்கள்.